திறக்கும் அழுத்தம்

கைப்பிடி இறங்குகிறது. முள் ஏறுகிறது.

80.

100.

110.

நாசில் வாயில் ஒன்றும் இல்லை. உலர்ந்த எஃகு.

125-ஐத் தாண்டுகிற இடத்தில் எங்கோ திறக்கிறது. கிர்ர் என்று ஓர் அதிர்வு. டீசல் தூளாகிக் கூம்பாக நிற்கிறது. உடனே இல்லை.

முள் சற்றுச் சறுக்கி, நின்றுகொள்கிறது.

*

சிதம்பரம் ரயிலடிக்குக் கிழக்கே, அண்ணாமலை நகர் பக்கம், ஒரு டீசல் பம்ப் கடை.

ஒரு மேசை. ஒரு வைஸ். ஒரு நாசில் டெஸ்டர். நான்கு சின்னக் கிண்ணங்கள், வரிசையாக.

நான்கிலும் டீசல். நான்கிலும் ஒவ்வொரு நாசில், கழற்றிய நிலையில்.

வாசலில் பழைய டீசல் அம்பாசடர். பானெட் திறந்திருக்கிறது. 1489 சிசி.

*

இந்தக் கடைக்குள் பனியன் வேஸ்ட் வருவதில்லை. வேறு எல்லாப் பட்டறையிலும் அதில்தான் கை துடைப்பார்கள். இங்கே ஒரே ஒரு நூல் போதும், நாசில் அடைத்துக்கொள்ள.

கடைக்காரர் கழுவுகிறார். ஊதி உலர்த்துகிறார். துடைப்பதில்லை.

*

ஊசியை எடுக்கிறார். தேய்த்து மெருகிட்ட பகுதியில் விரல் படாமல், தலைப்பகுதியை மட்டும் பிடித்து.

கை வேர்வையில் உப்பு இருக்கிறது. கடற்காற்று வீசும் ஊரில் கொஞ்சம் அதிகமாகவே இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆதாரம் கிடையாது.

*

ஊசியை டீசலில் நனைத்து நாசில் உடலுக்குள் விடுகிறார். மூன்றில் ஒரு பங்கு வெளியே இழுத்துச் சாய்த்துப் பிடிக்கிறார். விடுகிறார்.

இறங்குகிறது. யாரும் தள்ளவில்லை. தன் எடையிலேயே, அவசரமில்லாமல்.

அடுத்ததும் இறங்குகிறது.

மூன்றாவது பாதியில் நிற்கிறது.

மூன்று பேர் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அது நிற்கிறது.

*

ஊசிக்கும் உடலுக்கும் நடுவே இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான். தலைமுடியின் தடிமன் எழுபது மைக்ரான் அளவு.

அந்த இடைவெளிக்குள்ளும் டீசல் போகிறது. அதுதான் அங்கே எண்ணெயும். ஊசி அதில் மிதந்தபடி மேலும் கீழும் ஓடுகிறது.

ஒன்றின் ஊசி இன்னொன்றின் உடலில் சேராது. ஜோடி மாறினால் இரண்டும் வீண். கிண்ணங்கள் வரிசையாக இருப்பது அதனால்தான்.

*

ஊர் சிதம்பரம். இடைவெளி, வெற்றிடம் என்றதும் பேனா கோயில் பக்கம் திரும்பப் பார்க்கிறது.

திருப்பவில்லை. இங்கே இருப்பது இரண்டு மைக்ரான். அது போதும்.

*

ஊசியின் முதுகில் ஒரு ஸ்பிரிங். ஸ்பிரிங்கின் தலையில் ஒரு வாஷர். ஷிம் என்கிறார்கள்.

ஸ்பிரிங் ஊசியை அழுத்தி மூடி வைத்திருக்கிறது. பம்ப்பிலிருந்து வரும் டீசல் ஊசியைத் தூக்கப் பார்க்கிறது. தூக்க முடிகிற கணம்தான் திறக்கும் அழுத்தம்.

அழுத்தத்தை மாற்றுவது என்று சொல்கிறோம். கை தொடுவது ஷிம்மை மட்டும். தடிமனாக ஒன்று போட்டால் ஸ்பிரிங் இன்னும் இறுகும், ஊசி பிந்தித் திறக்கும். பல நாசில்களில் 0.05 மில்லிமீட்டர் கூடினால் 5 பார் கூடும்.

தகர டப்பாவில் ஷிம்கள். எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிகின்றன. மைக்ரோமீட்டரில் வைத்துத் திருகுகிறார். கண் சுருங்குகிறது. திருப்பிப் போடுகிறார். இன்னொன்று எடுக்கிறார்.

*

அவர் பார் என்று சொல்வதில்லை. கிலோ என்கிறார்.

"இது நூத்தி பத்துலயே அவுக்குது. நூத்தி முப்பது கிலோ வேணும்."

ஒரு சதுர சென்டிமீட்டர் மேல் 130 கிலோ. விரல் நகத்தைப் பார்க்கிறேன். ஏறக்குறைய அந்த அளவு இடம்.

*

கைப்பிடி மறுபடி இறங்குகிறது. இம்முறை மெதுவாக.

முள் திறக்கும் அழுத்தத்துக்குப் பத்து பார் கீழே வந்ததும் கை நிற்கிறது.

பத்து விநாடி இப்படியே.

நாசில் முனையைப் பார்க்கிறார். நானும் பார்க்கிறேன். முனையில் ஈரம் சேரக் கூடாது. சொட்டினால் அது மூடவில்லை என்று பொருள்.

பத்து விநாடி நீளமாக இருக்கிறது.

ஒரு லாரி போகிறது. மேசை லேசாக அதிர்கிறது. முள்ளும்.

முனையில் ஒரு மினுமினுப்பு. ஈரமா, வெளிச்சமா?

விரலால் தொட்டுப் பார்க்கலாம். தொடமாட்டார்கள். அழுத்தத்தில் இருக்கும் நாசிலுக்கு முன்னால் கை நீட்டுவதில்லை. பீய்ச்சினால் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஒரு புள்ளி மட்டும் தெரியும், வலிகூட முதலில் இருக்காது. பிறகு விரலே போகலாம்.

ஒரு துண்டுக் காகிதத்தை ஓரமாக நீட்டுகிறார். காகிதத்தில் வட்டமாக ஒரு கறை.

ஈரம்தான்.

*

காது வேறு ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறது.

நல்ல நாசில் அடிக்கும்போது ஒரு நடுக்கம் கேட்கும். ஊசி திறந்து மூடி, திறந்து மூடி. கெட்ட நாசில் சும்மா ஒழுகும். சத்தமே இல்லை.

இந்தக் கடையில் மௌனம் பழுது.

*

வாசல் நிழலில் உட்கார ஒரு பெஞ்ச். ஓரங்கள் தேய்ந்து வழவழப்பாகியிருக்கின்றன.

மேம்பாலத்தின் மேல் பஸ்கள். கீழே ரயில் போகிறது. முன்பெல்லாம் டீசல் எஞ்சின் வரும்போது பெஞ்ச் முந்திக்கொண்டு சொல்லிவிடும். இப்போது மின்சார எஞ்சின். பெட்டிகளின் தடதடப்பு மட்டும்.

*

டீசல் சிலிண்டருக்குள் இறங்கிய உடனே எரிவதில்லை.

ஒரு மில்லி விநாடி அளவுக்குத் தாமதம். துளி சூடாக வேண்டும். ஆவியாக வேண்டும். காற்றோடு கலக்க வேண்டும். தீப்பொறி கிடையாது. அழுத்திச் சூடேறிய காற்று மட்டும்.

அந்தத் தாமதத்துக்குள் சேர்ந்ததெல்லாம் ஒரே நேரத்தில் பற்றிக்கொள்கிறது. அதுதான் தட்டல்.

தெருமுனையில் வரும்போதே டீசல் வண்டி என்று தெரிவது இந்தத் தாமதத்தால்.

*

துளி சிறியதாக இருந்தால் சீக்கிரம் எரியும். அழுத்தம் கூடினால் துளி சிறுக்கும்.

அப்படியானால் கூட்டிக்கொண்டே போகலாமே.

மிகச் சிறிய துளிக்கு எட்டிப் போகிற வேகம் இருக்காது. நாசில் வாயருகிலேயே தேங்கிவிடும். எரியறையின் மூலையில் இருக்கும் காற்று காத்துக்கொண்டே இருக்கும்.

*

இந்தக் கடையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் பல்கலைக்கழகம். 1929-இல் தொடங்கியது. பொறியியல் புலம் 1945-இல்.

இயந்திரவியல் துறையின் ஆய்வுக்கூடத்தில் ஓர் எஞ்சின். கிர்லோஸ்கர் டிவி-1. ஒற்றை சிலிண்டர். 5.2 கிலோவாட். நிமிடத்துக்கு 1500 சுற்று. அழுத்த விகிதம் 17.5-க்கு 1. நாசில் 220 பாரில் திறக்கும்.

கார் எஞ்சின் அல்ல. வயலில் தண்ணீர் இறைக்கிற ஆயில் எஞ்சின் வகையறா. தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரிகள் பலவற்றில் இதே எஞ்சின்தான் தரையில் போல்ட் போட்டு நிற்கிறது.

பிஸ்டன் உச்சியைத் தொட 23 டிகிரி இருக்கும்போது டீசல் இறங்கத் தொடங்குகிறது. 1500 சுற்றில் அந்த 23 டிகிரியைக் கடக்க இரண்டரை மில்லி விநாடி.

அதற்குள் டீசல் பற்றிக்கொள்வது நடந்தாக வேண்டும். நடக்கிறது. விநாடிக்குப் பன்னிரண்டரை முறை.

*

அங்கே டீசலுக்குப் பதில் வேறு எண்ணெய்களை ஊற்றிப் பார்க்கிறார்கள். புங்கம். வேம்பு. இலுப்பை. முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெய்கூட.

முந்திரி பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண்ணில் விளைகிறது. வறுக்கும்போது ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் கையில் பட்டால் தோல் உரியும். அதையும் எஞ்சின் குடித்துப் பார்த்திருக்கிறது.

மரத்து எண்ணெய் பிசுபிசுப்பு. வேதிமுறையில் மாற்றாத பச்சை எண்ணெய் டீசலைவிடப் பத்து மடங்குக்கு மேல். துளி பெரிதாக விழுகிறது. எனவே நாசிலின் திறக்கும் அழுத்தத்தை ஏற்றுகிறார்கள்.

200. 220. 240.

ஒவ்வோர் அழுத்தத்திலும் சுமையைப் படிப்படியாகக் கூட்டுகிறார்கள். புகையை அளக்கிறார்கள். எழுதிக்கொள்கிறார்கள். வரைபடத்தில் கோடு இறங்கி, ஓரிடத்தில் தயங்கி, மறுபடி ஏறுகிறது.

தயங்குகிற இடத்தை ஆய்வேடு ஆப்டிமம் என்கிறது. பம்ப் கடைக்காரர் "கரெக்டா நிக்குது" என்கிறார்.

*

1897. ஆக்ஸ்பர்க். ரூடால்ஃப் டீசலின் எஞ்சின் ஓடுகிறது.

அதில் இந்த மாதிரிப் பம்ப் இல்லை. அழுத்திய காற்றை ஊதி அதனோடு எரிபொருளை உள்ளே தள்ளியிருக்கிறார். காற்றை அழுத்தவே எஞ்சினோடு தனியாக ஒரு கம்ப்ரெஸர். காருக்குள் வைக்க முடியாத கனம்.

கம்ப்ரெஸரைக் கழற்றிவிட்டு எரிபொருளை மட்டும் அழுத்தக் கற்றுக்கொள்ளப் பல ஆண்டுகள். பாஷ் நிறுவனத்தின் பம்ப் வரிசையாக வெளிவரத் தொடங்குவது 1927-இல். டீசல் கார் 1936-இல், மெர்சிடிஸ் 260 டி.

ரூடால்ஃப் டீசல் இவற்றைப் பார்க்கவில்லை. 1913 செப்டம்பர் 29 இரவு, டிரெஸ்டன் என்ற கப்பலில் ஏறியவர் மறுநாள் காலையில் அறையில் இல்லை. படுக்கை கலையாமல் இருந்தது.

*

1900. பாரிஸ் பொருட்காட்சி. ஒரு சிறிய டீசல் எஞ்சின் நிலக்கடலை எண்ணெயில் ஓடுகிறது. பார்த்தவர்களில் பலருக்கு வித்தியாசம் தெரியவில்லை.

அந்தக் காலத்தில் தென்னார்க்காட்டு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மூட்டை மூட்டையாகப் புதுச்சேரியில் கப்பலேறி மார்சேய் எண்ணெய் ஆலைகளுக்குப் போகிறது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைக்கிறேன். கோடு போட்டு இணைக்கவில்லை.

*

பழைய ஆட்கள் இன்னும் மைகோ என்கிறார்கள். மைகோ நாசில், மைகோ பம்ப். 1951-இல் பெங்களூரில் தொடங்கிய நிறுவனம். 2008-இல் பெயர் பாஷ் என்று மாறிவிட்டது.

டப்பாவில் வேறு பெயர். வாயில் பழைய பெயர்.

*

டீ வருகிறது. இரண்டு கண்ணாடி டம்ளர்.

டம்ளரின் விளிம்பில் டீசல் வாசம். அல்லது விரலில். அல்லது மூக்கிலேயே தங்கிவிட்டதோ.

குடிக்கிறேன்.

*

இன்னொரு வண்டி வந்து நிற்கிறது. ஸ்விஃப்ட், டீசல். 1248 சிசி.

காலையில் செல்ஃப் நீளமாக அடித்தால்தான் பிடிக்கிறது. சூடான பிறகு சில நேரம் பிடிப்பதே இல்லை.

இந்த எஞ்சின் 2007-இல் ஸ்விஃப்டுக்கு வந்தது. பி.எஸ்.6 என்ற புகை விதி வந்த 2020 ஏப்ரலோடு மாருதி டீசல் கார்களை விட்டுவிட்டது. சாலையில் இருப்பவை இருக்கின்றன.

*

இதற்கு டெஸ்டர் கைப்பிடி வேண்டியதில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சாக்கெட். ஸ்கேனரைச் சொருகுகிறார்.

திரையில் ரெயில் பிரஷர்.

ஐடிலிங்கில் 270. 274. 268. 271.

எண் ஓரிடத்தில் நிற்பதில்லை. மூச்சு மாதிரி ஏறி இறங்குகிறது.

வண்டியின் கணினி, இ.சி.யூ., கேட்ட அளவு ஒரு வரியில். இருக்கும் அளவு அடுத்த வரியில். ஒன்று இன்னொன்றைப் பின்தொடர்கிறது. விநாடிக்குள் பல முறை.

ஷிம் மாற்றுகிற விரலுக்கு இங்கே இடம் இல்லை. ஒரு வால்வு கொஞ்சம் திறக்கிறது, கொஞ்சம் மூடுகிறது. யாரோ இடைவிடாமல் டியூன் செய்துகொண்டே இருக்கிறார்கள். யாரும் இல்லை.

*

ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறார்கள். 600. 900. இந்த எஞ்சினின் ரெயில் 1600 பார் வரை போகக் கூடியது.

ரெயில் என்பது பெருவிரல் தடிமனில் ஓர் எஃகுக் குழாய். மேலே தூசி. உள்ளே 1600 பார் ஏறினாலும் வெளியே தெரிவது தூசி மட்டும்.

*

பழைய வண்டியில் எஞ்சின் ஓடும்போதே பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துவார்கள். சத்தம் மாறினால் அந்த சிலிண்டர் நல்லது. மாறாவிட்டால் அதுதான் மிஸ் அடிக்கிறது.

ரெயில் பொருத்திய வண்டியில் எஞ்சின் ஓடும்போது ஸ்பேனர் அருகே போகாது. நிறுத்திய பிறகும் சற்று நேரம் சும்மா நிற்கிறார். அழுத்தம் தானாக வடிய வேண்டும்.

அந்தச் சும்மா நிற்கும் நேரமும் வேலையில் சேர்ந்தது. கூலியில் சேராது.

*

ரிட்டன் லைனைக் கழற்றுகிறார். நான்கு இன்ஜெக்டர்களிலும் நான்கு மெல்லிய குழாய்கள். நான்கும் நான்கு கண்ணாடிக் குப்பிகளுக்குள்.

எஞ்சின் ஓடுகிறது.

குப்பிகளில் டீசல் ஏறுகிறது. உள்ளே போய் எரியாமல் திரும்பி வருவது.

ஒன்றும் இரண்டும் சமமாக. நான்காவதும்.

மூன்றாவது முந்துகிறது.

வெளிச்சத்தில் நான்கும் ஒரே நிறம். வெளிர் மஞ்சள். மூன்றாவதில் சின்னக் குமிழிகள்.

ஐ.டி.ஐ. முடித்து வந்த பையன் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். "அண்ணே, மூணு."

"நிறுத்து."

எஞ்சின் நிற்கிறது. குப்பிகளின் மேல்பரப்பு நடுங்கி, அடங்குகிறது. விரற்கடை அளவு உயர வித்தியாசம். காலையில் வண்டி பிடிக்காததன் உயரம் அது.

*

தட்டல் இந்த வண்டியில் குறைவு. காரணம் ஒரு முன்துளி. பெரிய ஊற்றுக்கு முன்னால் ஒரு கன மில்லிமீட்டர் அளவுக்கு டீசலை முதலில் விடுகிறது. அது எரியத் தொடங்கிய பிறகு மிச்சம் வருகிறது. தாமதம் சுருங்குகிறது.

ஒரு கன மில்லிமீட்டர். கேழ்வரகைவிடச் சிறியது.

*

கல்லூரி விடுகிற நேரம். இரண்டு மாணவர்கள் வண்டியோடு வருகிறார்கள். பிக்கப் வேண்டுமாம். பெட்டி ஒன்று வாங்கி வந்திருக்கிறார்கள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது.

ரெயிலின் கடைசியில் ஒரு சென்சார். அழுத்தத்தை அரை வோல்ட்டிலிருந்து நாலரை வோல்ட்டுக்குள் சொல்கிறது. பெட்டியை நடுவில் சொருகினால் அது குறைத்துச் சொல்லும். குறைவாக இருக்கிறது என்று நம்பி இ.சி.யூ. இன்னும் ஏற்றும். டீசல் கூடுதலாக இறங்கும். கால் வைத்தால் வண்டி பாயும்.

திரையில் எண் சரியாகவே இருக்கும். குழாய்க்குள் இருப்பது வேறு.

கடைக்காரர் பெட்டியைத் திருப்பிப் பார்க்கிறார். திருப்பிக் கொடுக்கிறார். ஒன்றும் சொல்லவில்லை. அவர்களும் போகவில்லை.

*

புகைக்கும் அளவு உண்டு. பி.எஸ்.4-க்கு முந்தைய டீசல் வண்டிக்கு 65 ஹார்ட்ரிட்ஜ். பி.எஸ்.4-க்கு 50.

கண்ணுக்கு அளவு தெரியாது. கருப்பு என்று மட்டும் தெரியும்.

*

2011 டிசம்பர் 30. தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறுகிறது. முந்திரித் தோப்புகள் சாய்கின்றன. பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை.

அப்போது இரவுகளில் கேட்டது ஜெனரேட்டர்களின் சத்தம்தான். ஒன்று நின்றால் அடுத்த தெருவில் இன்னொன்று கேட்கும். அது நின்றால் தவளை.

*

2015-இல் வெள்ளம். டேங்குக்குள் தண்ணீர் போன வண்டிகள்.

தண்ணீர் டீசலைவிடக் கனம். கீழே போய்ப் படுத்துக்கொள்ளும். பில்டரின் அடியில் திருகைத் திறந்தால் முதலில் வருவது அதுதான். கண்ணாடி டம்ளரில் பிடித்தால் இரண்டும் பிரிந்து நிற்கும். நடுவே ஒரு கோடு.

வடித்துவிட்டாலும் துரு முன்னமே தொடங்கியிருக்கும். இரண்டு மைக்ரான் இடைவெளிக்குத் துருவின் ஒரு பொடியே பாறை.

*

2020-க்குப் பிறகு வரும் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. அதற்கு முன் ஐம்பது.

கந்தகத்தை எடுக்கும் சுத்திகரிப்பில் டீசலின் வழுவழுப்பும் கொஞ்சம் போய்விடுகிறது. அதை ஈடுகட்ட வேறு மருந்து சேர்க்கிறார்கள்.

விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்க்கிறேன். வழுக்குகிறது. எப்போதும் போல.

*

கான்சாகிப் வாய்க்கால் பக்கமிருந்து காற்று. சேறும் அல்லியும் கலந்த வாசம். கடைக்குள் நுழைந்ததும் டீசலில் கரைந்துவிடுகிறது.

*

அம்பாசடரின் மூன்றாவது ஊசி இன்னும் டீசலில் ஊறுகிறது. மறுபடி எடுக்கிறார். சாய்க்கிறார். விடுகிறார்.

முன்பைவிடக் கொஞ்சம் கீழே போய் நிற்கிறது.

கிண்ணத்தில் போடுகிறார்.

*

ஸ்விஃப்டின் மூன்றாவது இன்ஜெக்டருக்குப் பதில், ரீகண்டிஷன் செய்த ஒன்று. அதன் தலையில் எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடு. ஒவ்வோர் இன்ஜெக்டரும் ஊற்றும் அளவில் நூலிழை வித்தியாசம். அதைக் குறியீடு சொல்கிறது. ஸ்கேனரில் ஏற்றினால்தான் இ.சி.யூ. அதற்கேற்ப நேரத்தைக் கூட்டிக் குறைக்கும்.

பையன் இன்ஜெக்டரின் தலையைத் துடைக்கிறான். கரி. மண்ணெண்ணெய் தொட்டு மறுபடி துடைக்கிறான். ஒவ்வோர் எழுத்தாகப் படிக்கிறான். கடைக்காரர் ஒரு விரலால் தட்டுகிறார்.

நடுவில் ஓர் எழுத்து பாதி அழிந்திருக்கிறது.

"எட்டா, பி-யா?"

"எட்டு மாதிரிதான் இருக்குண்ணே."

"மாதிரி வேணாம்."

டார்ச் அடிக்கிறார்கள்.